ஈயக் குண்டும் மகாராஜாவின் பட்டங்களும்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் உத்தமசூரன் என்று ஒரு மகாராஜா இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். மகாராஜாவுக்குப் போர் பிடிக்காது. வேட்டை பிடிக்காது. சூதாட்டம்கூட ஆட மாட்டார். ஒரே ஒரு பித்துத்தான் அவருக்கு. பட்டப் பித்து.

யாராவது ஒரு புதுப் பட்டம் சூட்டினால் போதும், மகாராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். உடனே சூட்டியவருக்கு ஒரு துண்டு நிலம். இந்த விஷயத்தை நன்றாகக் கண்டுகொண்டவர் கனகசபைப் பண்டிதர். மகாராஜா ஒரு நாள் பலமாகத் தும்மினார்; மறுநாள் வெளியே காற்று அடங்கியிருந்தது. "தும்மலால் புயலை அடக்கிய தூயவர்" என்று பண்டிதர் பட்டம் சூட்டினார். பண்டிதருக்கு ஒரு மாந்தோப்பு கிடைத்தது. மகாராஜா கனவில் யானை கண்டால் ஒரு பட்டம், மொட்டைமாடியில் நிலா பார்த்தால் ஒரு பட்டம். இப்படியே பண்டிதரின் தோப்பும் வயலும் ஆற்றங்கரை வரைக்கும் போய்விட்டன. வெட்கமில்லாத மனிதர்!

அரண்மனையில் இந்தப் பட்டங்களைக் கூவுவதற்கென்றே ஒரு கட்டியக்காரன் உண்டு. மகாராஜா சபைக்கு வந்ததும் அவன் முன்னால் நின்று ஒவ்வொரு பட்டமாகச் சொல்வான். ஒவ்வொன்றுக்கும் சபை முழுவதும் "பராக்!" என்று குரல் கொடுக்க வேண்டும். சொல்லி முடியும்வரை யாரும் உட்காரக் கூடாது, மகாராஜாவும் உட்காரக் கூடாது. நடுவில் எவனாவது குறுக்கே பேசினால் அவன் நாக்கு அவன் வாயில் இருக்காது.

இந்தப் பட்டங்களை வைத்து இன்னொரு வேலையும் நடந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அந்த நாட்டு மலையில் செங்குத்துப் பாறைகளில் தேனீக்கள் கூடு கட்டும். மலைக்காரர்கள் கயிற்றில் தொங்கி அந்தத் தேனை எடுத்து, வருடத்துக்கு ஒரு முறை அரண்மனைக்குக் கொண்டுவந்து தர வேண்டும். சாமி அபிஷேகத்துக்கும் மகாராஜாவின் மருந்துக்கும் அதுதான். தேனில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க மகாராஜாவின் பாட்டனார் காலத்திலேயே ஒரு சோதனை ஏற்படுத்தியிருந்தார்கள். கடல் வணிகர்கள் கொண்டுவந்த உயரமான கண்ணாடிக் குடுவையில் தேனை ஊற்றுவார்கள். மேலிருந்து ஒரு சின்ன ஈயக் குண்டைப் போடுவார்கள். கட்டியக்காரன் பட்டங்களைக் கூவத் தொடங்குவான். அவன் முடிக்கும்போது குண்டு இன்னும் நடுவழியில் இறங்கிக்கொண்டிருந்தால் நல்ல தேன். அதற்குள் அடியைத் தொட்டுவிட்டால் நீர்த்த தேன், கொண்டுவந்தவன் திருடன். திருடனுக்குத் தண்டனை, வலது கைக் கட்டைவிரல்.

போன வருடம் கோலன் என்ற மலைக்காரனின் கட்டைவிரல் போயிற்று. இந்த வருடம் அவன் தங்கை புருஷன் பொம்மன் தேன் கொண்டுவந்தான். கூடவே அவன் மனைவி மாதியும், விரல் போன கோலனும் வந்திருந்தார்கள்.

குடுவையில் தேன் நிறைந்தது. குண்டு விழுந்தது. கட்டியக்காரன் கூவினான், கூவினான், மூச்சு வாங்கினான், மறுபடி கூவினான். தூண் ஓரத்தில் நின்று குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தான் அரசவை விகடன் பேச்சிமுத்து. குண்டு அவசரமே இல்லாமல் தேனுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கட்டியக்காரன் தும்மல் பட்டத்துக்கு வந்தபோது அது முக்கால் வழி வந்துவிட்டது. யானைக் கனவுக்கு வரும்போது அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. இன்னும் ஒரு கூடைப் பட்டம் பாக்கி இருந்தது.

"நீர்த்த தேன்!" என்றார் பண்டிதர், நாக்கில் எச்சில் ஊற. "போன வருடமும் கலப்படம், இந்த வருடமும் கலப்படம். மலையே திருட்டு மலை, மகாராஜா!"

மாதி கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "சாமி, ஒரு சொட்டுத் தண்ணி கலக்கலை சாமி! எங்க சாதியில பாறையில தொங்கறவனுக்கு மச்சான்தான் மேல நின்னு கயிறு பிடிப்பான். தங்கச்சி தாலி அவன் கையில இருக்குன்னு விட மாட்டான். போன வருசம் எங்கண்ணன் விரலை எடுத்தீங்க. அதுக்கப்புறம் என் புருசனுக்கு நான்தான் கயிறு பிடிக்கிறேன். இப்ப இவரு விரலையும் எடுத்தா யாரு தொங்குவா, யாரு பிடிப்பா? நாங்க பாறையை நக்கிட்டா இருக்கிறது?"

சபையில் யாரோ கெக்கெக்கே என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பேச்சிமுத்துவின் மண்டைக்குள் சுர்ரென்று ஏறியது. சிரிக்கவைத்துச் சம்பளம் வாங்குகிறவன் அவன். இவர்கள் எதற்குச் சிரிப்பார்கள் என்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

"மகாராஜா, விரல் எங்கேயும் ஓடிவிடாது. நாளை மதியம் வரை எனக்குத் தவணை தாருங்கள். இந்தத் தேனை நான் ஒரு முறை பார்க்கிறேன்" என்றான்.

"விகடனுக்கு இப்போது வைத்தியன் வேலையா?" என்றார் பண்டிதர். பேச்சிமுத்துவின் ஒரு சொல்லுக்கு மகாராஜா வாய்விட்டுச் சிரிப்பதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்த மனிதர் அவர். ஆனாலும் மகாராஜா தவணை கொடுத்தார்.

பேச்சிமுத்து நேராக மடைப்பள்ளிக்குப் போனான். தலைமைச் சமையற்காரர் சுப்பய்யர் அடுப்படியில் வியர்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஓய், இந்த வேளையில்? பசியா?"

"பசியில்லை சாமி, எரியுது. குடுவை ரெண்டு குடுங்க. பொம்மன் தேன், விளக்கெண்ணெய், வெல்லப்பாகு, எல்லாம் வேணும். ஈயக் குண்டும் ஒரு கைப்பிடி."

சுப்பய்யர் ஒன்றும் கேட்காமல் கொடுத்தார். பேச்சிமுத்து ஒரு குடுவையில் தேனும் இன்னொன்றில் விளக்கெண்ணெயும் ஊற்றி, இரண்டிலும் ஒரே நேரத்தில் குண்டு போட்டான். எண்ணெயில் குண்டு சறுக்கிக்கொண்டு போய் அடியில் உட்கார்ந்தது. தேனில் போட்டது அப்போதுதான் கழுத்தளவு இறங்கியிருந்தது. எண்ணெயைக் கொட்டிக் கழுவிவிட்டு வெல்லப்பாகை ஊற்றிப் பார்த்தான். அதுவும் தேனிடம் தோற்றது. பிறகு பொம்மன் தேனிலேயே ஓர் அகப்பை தண்ணீரைக் கலக்கி இன்னொரு குடுவையில் விட்டுப் பார்த்தான். குண்டு கல் மாதிரி விழுந்தது.

"கலந்தா இப்படித்தான் போகும். கலக்காதது இப்படி இறங்குது. இதுல எங்கே சாமி கலப்படம்?"

"மருந்து அறையிலே இவர் பாட்டனார், பெரிய மகாராஜா காலத்துத் தேன் ஒரு ஜாடி இருக்கு. அந்த நாளிலே சோதனையிலே தேறின தேன். கொண்டு வரட்டுமா?" என்றார் சுப்பய்யர்.

கொண்டுவந்தார். ஒரு குடுவையில் பழைய தேன், இன்னொன்றில் பொம்மன் தேன். இரண்டு கையாலும் இரண்டு குண்டை ஒன்றாகப் போட்டுவிட்டு, பேச்சிமுத்து தரையில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துப் பார்த்தான். இரண்டு குண்டும் ஜோடி போட்டுக்கொண்டு இறங்கின. ஒன்றை ஒன்று முந்தவில்லை. ஒன்றாகவே அடியைத் தொட்டன.

தேன் மாறவில்லை. குண்டும் அதே குண்டு, குடுவையும் அதே குடுவை. அப்படியானால் மாறியது எது?

அந்த நேரம் பார்த்து, மகாராஜா அந்தப்புரத்துக்குக் கிளம்பினார் போலும், வெளியே கட்டியக்காரன் கூவத் தொடங்கினான். பராக், பராக் என்று அது போய்க்கொண்டே இருந்தது. சுப்பய்யர் ஒரு பானைச் சோற்றை வடித்து முடித்தார், அப்போதும் அது முடியவில்லை. பேச்சிமுத்து மெதுவாக எழுந்து நின்றான்.

"படுபாவிகளா!" என்றான். "இவரு தும்மினதுக்கா அந்த ஆளு விரல் போச்சு!"

அவன் கொதித்துக்கொண்டு மகாராஜாவிடம் ஓடினான். கோபத்தில் ஓடுகிறவனுக்கு வார்த்தையில் நெளிவு சுளிவு இருக்குமா? "மகாராஜா, தேன் நீர்க்கவில்லை. உங்கள் பட்டங்கள் நீண்டுவிட்டன" என்று போட்டு உடைத்துவிட்டான்.

மகாராஜாவின் முகம் கறுத்தது. "என் பட்டங்கள் அதிகம் என்கிறாயா?"

பக்கத்தில் பண்டிதர் வேறு நின்றிருந்தார். விடுவாரா? "கேட்டீர்களா மகாராஜா! தங்கள் புகழைக் குறைக்கச் சொல்கிறான். இது ராஜநிந்தை. நாளைக்கு இவனையே கட்டியம் கூறச் சொல்லுங்கள், தெரிந்துவிடும்!"

மகாராஜாவுக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. "பேச்சிமுத்து, நாளைச் சோதனையில் நீயே கட்டியம் கூறு. என் பட்டங்களில் ஒன்றையும் விடக் கூடாது. வேகமாகச் சொல்லி ஓட்டவும் கூடாது. நீ முடிக்கும்போது குண்டு அடியைத் தொடாமல் இருந்தால் அந்த மலைக்காரனின் விரல் தப்பும். தொட்டுவிட்டால் அவன் விரலோடு உன் நாக்கும் போகும்."

பேச்சிமுத்து பண்டிதரைப் பார்த்தான். பண்டிதர் மீசைக்குள் சிரித்தார்.

"ஒன்றையும் விடக் கூடாது. அதுதானே ஆணை, மகாராஜா?"

"அதுதான் ஆணை."

"சரி. விட மாட்டேன்."

மறுநாள் சபையில் எள் போட்டால் எள் விழாது. பொம்மன் நடுவில் நிறுத்தப்பட்டிருந்தான். அவனுக்கு முன்னால் ஒரு மரக்கட்டை, பக்கத்தில் கத்தியோடு ஒரு சேவகன். மாதி கண்ணை மூடவில்லை. கோலன் வலது கையை மேல்துண்டுக்குள் மறைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றான். மகாராஜா சிம்மாசனத்துக்கு முன்னால் எழுந்து நின்றார். சபையும் நின்றது. குண்டு தேனுக்குள் விழுந்தது.

பேச்சிமுத்து தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்கினான். அவசரமில்லாமல், அழுத்தம் திருத்தமாக, உள்ள பட்டங்கள் அத்தனையையும் சொன்னான். அவன் தும்மலைத் தாண்டி யானைக்கு வந்தபோது குண்டு அடியைத் தொட்டது. சேவகன் கத்தியை மாற்றிப் பிடித்தான். பண்டிதர் பக்கத்திலிருந்தவரை முழங்கையால் இடித்தார். பேச்சிமுத்து அந்தப் பக்கமே திரும்பவில்லை. மீதிப் பட்டங்களையும் ஒன்று விடாமல் சொன்னான். கடைசிப் பட்டமும் முடிந்தது. அப்பாடா என்று மகாராஜா உட்காரப் போனார்.

"காலையில் கண் விழித்த காவலர்!" என்றான் பேச்சிமுத்து.

"பராக்!" என்றது சபை, பழக்கதோஷத்தில்.

மகாராஜா உட்காராமல் நிமிர்ந்தார்.

"வாய் கொப்பளித்த வள்ளல்!"

"பராக்!"

"சுடச்சுடப் பொங்கலை ஊதி ஊதித் தின்ற உத்தமர்! இன்னும் கொஞ்சம் நெய் கேட்டு வாங்கிய நேர்மையாளர்! வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிப்போய் நாக்கைச் சுட்டுக்கொண்ட நாயகர்!"

பராக், பராக், பராக். சபைக்கு வேறு வழியில்லை. குறுக்கே பேசினால் நாக்கு போகும். மகாராஜாவுக்கும் வழியில்லை, கட்டியம் முடியாமல் உட்கார முடியாது. உச்சி வெயில் ஏறியது. சாப்பாட்டு வேளை வந்தது, போயிற்று. பேச்சிமுத்து மகாராஜா சட்டை மாற்றியதைச் சொன்னான், கொட்டாவி விட்டதைச் சொன்னான், பூனையை மிதித்ததைச் சொன்னான். பெருத்த உடம்புக்காரரான சேனாபதி கால் மாற்றி மாற்றி நின்றார். மகாராஜாவின் முழங்கால் கெஞ்சியது. பிறகு பேச்சிமுத்துவின் குரல் மாறியது. அதில் விகடம் இல்லை.

"தும்மியதற்குத் தோப்புக் கொடுத்த தயாளர்!"

"பராக்!"

"மலைக்காரன் எடுத்த தேனை நக்கிவிட்டு, தேன் எடுத்த கையை வெட்டிய வீரர்!"

"பராக்!" என்று கத்திவிட்டுத்தான் பலருக்கு என்ன கத்தினோம் என்பதே உறைத்தது.

"கயிறு பிடித்த கோலனின் விரலை எடுத்து, அவன் தங்கை தாலியை அந்தரத்தில் தொங்கவிட்ட..."

"நிறுத்து!" என்று மகாராஜா இரைந்தார். "போதும், நிறுத்து! யாரைக் கேட்டு இதையெல்லாம் பட்டம் என்கிறாய்?"

"உங்கள் ஆணை, மகாராஜா. ஒன்றையும் விடக் கூடாது என்றீர்கள். தும்மினதும் கனவு கண்டதும் பட்டமென்றால், பொங்கல் தின்றதும் விரல் வெட்டினதும் மட்டும் பட்டம் இல்லையா? நீங்கள் செய்த எதை நான் விடுவது? விட்டால் நாக்கு போகுமே."

மகாராஜா பண்டிதர் பக்கம் திரும்பினார். "பண்டிதரே, பேசும்! இவை பட்டங்களா?"

காலையிலிருந்து வாயைக் கட்டிக்கொண்டு நின்ற பண்டிதர் வெடித்தார். "இல்லவே இல்லை மகாராஜா! இவன் தன் இஷ்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறான். சோதனைக்கு ஒரு அளவு உண்டு. அளந்துகொண்டிருக்கும்போதே அளவுகோலை இழுத்து நீட்டினால் எந்தத் தேன் தேறும்? இது பச்சை மோசடி!"

"என்ன சொன்னீர்கள்? சபைக்குக் கேட்கவில்லை" என்றான் பேச்சிமுத்து.

"அளவுகோலை நீட்டுகிறவன் திருடன் என்றேன்!"

"திருடனுக்கு என்ன தண்டனை, பண்டிதரே?"

"கட்டைவிரல்!" என்று பண்டிதர் முழங்கினார்.

"சந்தோஷம்" என்றான் பேச்சிமுத்து. அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. "மகாராஜா, இந்தச் சோதனையை ஏற்படுத்தியவர் தங்கள் பாட்டனார். அன்று கட்டியக்காரன் கூவியது என்ன? தாங்களே சொல்லுங்கள்."

மகாராஜா யோசித்தார். சின்ன வயதில் பாட்டனாரின் விரலைப் பிடித்துக்கொண்டு இதே சபைக்கு வந்தவர் அவர். "எல்லை காத்தவர். ஏரி வெட்டியவர். பஞ்சத்தில் களஞ்சியம் திறந்தவர். ஏழைக்கு நீதி சொன்னவர்" என்றார். சொல்லிவிட்டு அடுத்தது என்ன என்று தேடினார். அடுத்தது இல்லை.

"சேவகரே, புதுக் குண்டைப் போடும்" என்றான் பேச்சிமுத்து.

குண்டு விழுந்தது. பேச்சிமுத்து பெரிய மகாராஜாவின் பட்டங்களை நிறுத்தி நிதானமாகச் சொன்னான். சபை பராக் போட்டது. சொல்லி முடித்தபோது பொம்மனின் தேனில் குண்டு பாதி வழிகூட இறங்கவில்லை. எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். சேனாபதி பார்த்தார். மகாராஜா படியிறங்கி வந்து, குடுவையில் மூக்கு இடிக்கும் தூரத்தில் நின்று பார்த்தார். குண்டு தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"கோலை நீட்டினது யார் மகாராஜா?" என்றான் பேச்சிமுத்து. "நீட்டின ஒவ்வொரு முழத்துக்கும் தோப்பு வாங்கினது யார்? நானா? பொம்மனா?"

மகாராஜா பண்டிதரைப் பார்த்தார். பண்டிதர் தம் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அதைப் பார்த்ததும் மகாராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் சிரித்ததும் சபையும் சிரித்தது. "தம் வாயாலேயே தம் விரலுக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டாரே! பலே, பேச்சிமுத்து!" என்று கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். "பொம்மனை விடுங்கள்! கேள், இன்னும் என்ன பரிசு வேண்டும்?"

சேவகன் மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு போனான். மாதி ஓடிவந்து புருஷனின் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். பேச்சிமுத்துவின் மார்பில் முத்துமாலை கனத்தது. சபை இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. இவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான், நேற்று மாதி முறையிட்டதற்குச் சிரித்தவர்களும் இவர்களே என்று நினைத்துக்கொண்டான்.

"பரிசு கேட்கிறேன். பண்டிதரின் விரல் எனக்கு வேண்டாம். பண்டிதர் ஒரே ஒரு முறை அந்தப் பாறையில் இறங்கித் தேன் எடுத்து வரட்டும். மேலே கோலன் கயிறு பிடிக்கட்டும்."

பண்டிதர் பொத்தென்று மகாராஜா காலில் விழுந்தார். "ஐயோ, மகாராஜா! கட்டைவிரல் இல்லாதவன் எப்படிக் கயிறு பிடிப்பான்? என் உயிரையா அவன் கையில் கொடுப்பது? நான் பிள்ளைகுட்டிக்காரன்!"

"அது உமக்கு இன்றைக்குத்தான் தெரிந்ததா?" என்றான் பேச்சிமுத்து.

சிரிப்பு அடங்கிவிட்டது. மகாராஜா பண்டிதரின் தோப்புகளையும் வயல்களையும் பிடுங்கி மலைக்காரர்களுக்கு எழுதிவைக்கச் சொன்னார். தம் பட்டங்கள் அத்தனையையும் அன்றே நிறுத்தச் சொன்னார். சபை "பராக்!" என்றது. "அதையும் நிறுத்துங்கள்!" என்று எரிந்து விழுந்தார்.

பிறகு கோலனை அருகே அழைத்தார். கோலன் வந்து நின்றான். மேல்துண்டை விலக்கி அவன் கையை அப்போதுதான் மகாராஜா முதன்முதலாகப் பார்த்தார்.

"உனக்கு அநியாயம் நடந்துவிட்டது. ஆற்றங்கரை மாந்தோப்பு உனக்குத்தான். வேறு என்ன வேண்டும், கேள். மறுக்காமல் தருகிறேன்."

கோலன் தங்கையைத் திரும்பிப் பார்த்தான். "தோப்பு கெடக்கட்டும் சாமி. அடுத்த மாசம் பொம்மன் பாறையில இறங்குவான். கயித்தை நான் பிடிக்கணும். பொம்பளை அவ, மேல நின்னு உசிரு போயி உசிரு வருது அவளுக்கு. நான் பிடிக்கிற மாதிரி பண்ணிக் குடுங்க."

மகாராஜா பேச்சிமுத்துவைப் பார்த்தார். இக்கட்டு வரும்போதெல்லாம் ஏதாவது சொல்லி அவரைச் சிரிக்கவைத்துக் காப்பாற்றுகிறவன் அவன்தானே?

பேச்சிமுத்து முத்துமாலையைக் கழற்றி அவர் கையில் வைத்துவிட்டு, கோலன் பக்கத்தில் போய் நின்றான்.